லிட்மஸ் ஒட்டாத சீட்டு

56 ஏ.பி.ஓ.
14 மே 1972

பிலிஸ் அக்காவுக்கு லியோனார்ட் எழுதுவது.

சௌக்கியம் விசாரிக்க எழுதவில்லை. நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். டோரீன் எழுதியிருக்கிறாள். சித்தப்பா மகளுக்கு வேறென்ன வேலை, கட்கியில் யார் வீட்டில் தும்மினாலும் எனக்குக் கடிதம் வந்துவிடும். வாரம் இரண்டு தடவை தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு நீ சுந்தரமூர்த்தி வீட்டுக்குப் போகிறாயாம். அவன் கண்ணுக்குக் கட்டு மாற்றுவதுகூட நீதானாம். படித்ததும் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கிச் சேர்த்து மறுபடி படித்தேன்.

உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ஏப்ரல் முதல் தேதி, ஈஸ்டருக்கு முந்தின நாள், சிஞ்ச்வட் கம்பெனியில் வெடிமருந்துப் பஞ்சு உலர்த்தும் அறை வெடித்தது. அறை வாசலில் நம் அப்பா நின்றிருந்தார். ஆபிரகாம் மேஸ்திரி, இருபத்தாறு வருஷ சர்வீஸ். பெட்டியில் வைக்க நமக்கு எவ்வளவு கிடைத்தது என்று உனக்குத் தெரியும். தூக்குகிறவர்களுக்குச் சந்தேகம் வராதிருக்க பெட்டிக்காரன் உள்ளே இரண்டு செங்கல் வைத்தான். அதை நான் பார்த்தேன்.

அமிலம் போகாத பஞ்சை அந்த அறையில் ஏற்றியவன் ஃபோர்மேன் சுந்தரமூர்த்தி. லேபுக்கு சாம்பிள் அனுப்பாமலே ஏற்றினேன் என்று விசாரணையில் அவனே ஒப்புக்கொண்டான். வேலையை விட்டு நீக்கினார்கள். பஞ்சில் ஒரு மனிதனைக் கொளுத்தியதற்கு அவ்வளவுதான் தண்டனை. மீதியை நான் கொடுத்தேன், கட்கி பஜாரில், சைக்கிள் செயினால். நீயும் பக்கத்தில்தானே நின்றாய்? ஒரு வார்த்தை தடுத்தாயா? அன்றைக்குத் தடுக்காதவள் இன்றைக்கு எதற்குக் கஞ்சி சுமக்கிறாய்?

எங்களுக்கு இங்கே கண்ணிவெடி எடுக்கிற வேலை. சண்டை டிசம்பரிலேயே முடிந்தது, வயலில் புதைத்தது முடியவில்லை. சுபேதார் சாப் முதல் நாள் பாடத்தில் சொன்னது இது: "நியூட்ரலைஸ் செய்துவிட்டால் கண்ணி செத்துவிட்டது என்று நினைக்காதே. பாதுகாப்புப் பின்னைத் திரும்பச் செருகியிருக்கிறாய், அவ்வளவுதான். பின்னை உருவினால் மறுபடி உயிர் வந்துவிடும். டெட்டனேட்டரை வெளியே எடுத்தால்தான் அது வெறும் டப்பா."

நானும் அந்த நிலைமையில்தான் இருக்கிறேன். மாவு மில்லில் மெஷின் பட்டை அறுந்து கண்ணில் அடித்தது என்று சுந்தரமூர்த்தி போலீஸில் சொன்னான், நான் தப்பித்துப் பட்டாளத்துக்குத் திரும்பினேன். பயந்துதான் அப்படிச் சொல்லியிருப்பான். செப்டம்பரில் எனக்கு லீவு. அவனுக்கு இன்னொரு கண் பாக்கி இருக்கிறது. இந்தத் தடவை கண்ணோடு நிறுத்துவதாக இல்லை.

லியோனார்ட்


கட்கி, பூனா
3 ஜூன் 1972

என் தம்பி லியோவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று இன்லேண்ட் வீணாயிற்று. இது நாலாவது.

கஞ்சி கொண்டுபோவது உண்மை. கட்டு மாற்றுவதும் உண்மை. கண் இருந்த குழியில் சீழ் வைத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் தினமும் வரிசையில் நிற்க அவருக்கு முடியவில்லை. அவர் மனைவி பார்வதி அக்கா இரண்டு பங்களாவில் பாத்திரம் தேய்க்கிறார்கள். நான் போனால் "வா" என்று சொல்வதில்லை, "போ" என்றும் சொல்வதில்லை. தூக்கை வாங்கிக் கழுவித் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

நீ கண்ணி எடுக்கிற பாடம் எழுதியிருந்தாய். எங்கள் லேப் பாடத்தையும் கேள். பஞ்சை அமிலத்தில் ஊறவைத்து எடுத்தால் அது வெடிமருந்தாகிறது. பெயிண்டுக்கும் போகும், தோட்டாவுக்கும் போகும். ஆனால் உள்ளே ஒட்டியிருக்கிற அமிலம் முழுவதும் போகவேண்டும். சோடாத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அலசி, மறுபடி கொதிக்கவைத்து, அமிலமும் இல்லை சோடாவும் இல்லை என்கிற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் நாங்கள் நியூட்ரலைஸ் என்கிற அந்த வார்த்தையைச் சொல்கிறோம். அவசரப்பட்டுச் சோடாவைக் கொட்டினால் தொட்டி பொங்கி முகத்தில் அடிக்கும். இழைக்குள் கொஞ்சம் அமிலம் தங்கிவிட்டால் அது அப்போது ஒன்றும் செய்யாது. காயும்போதுதான் சூடேறும்.

அப்பா பஞ்சை ஒரு கை அள்ளிப் பிழிந்து, சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். புளித்தால் அமிலம், வழவழத்தால் சோடா, சப்பென்று இருந்தால் சரி. எங்கள் லிட்மஸ் காகிதம் சொல்வதை அவர் நாக்கு முன்னாலேயே சொல்லிவிடும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவையும் தப்பியதில்லை. லேபில் எல்லோரும் அதைப் பெருமையாகச் சொல்வோம்.

லீவில் இந்தப் பக்கம் வராதே, லியோ. வேளாங்கண்ணிக்குப் போ, ஆற்காட்டில் மாமா வீட்டுக்குப் போ. நான் டிக்கெட்டுக்கு அனுப்புகிறேன். அவரைத் தொடாதே. காரணம் கேட்காதே.

பிலிஸ்


56 ஏ.பி.ஓ.
9 ஜூலை 1972

அக்கா,

காரணம் கேட்காதே என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? நான் என்ன பள்ளிக்கூடப் பையனா?

பத்ரிநாத் செத்துவிட்டான். என் கூடாரத்தில் இருந்தவன், கார்வால் மலைக்காரன், பட்டாளத்துக்கு வருமுன் எலக்ட்ரீஷியன். எப்போதும் ஒரு கதை சொல்வான். அவன் மாமா கம்பத்தில் ஏறி, நியூட்ரல் வயர்தானே, ஒன்றும் செய்யாது என்று வெறுங்கையால் பிடித்தாராம். அந்த வயர் எங்கேயோ அறுந்திருந்தது, விளக்குகள் வழியாகக் கரண்ட் திரும்பி அதிலேயே வந்துவிட்டது. கம்பத்திலேயே கருகித் தொங்கினார். இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பான். "அதனால்தான் நான் எந்தப் பெயரையும் நம்புவதில்லை" என்பான்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு கண்ணியைத் தோண்டி, பின் செருகி, சரியாகச் செய்துவிட்டான். நானே பார்த்தேன். தூக்கினான். அதற்கு அடியில் இன்னொன்று வைத்திருந்தார்கள். எனக்கும் அவனுக்கும் நடுவில் பதினைந்து கஜம். புழுதி அடங்கியதும் ஓடினேன். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, ஆனால் கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்து "பின் போட்டேனே" என்றான். ரிப்போர்ட்டில் அந்த இரண்டு கண்ணிகளும் 'நியூட்ரலைஸ் செய்யப்பட்டவை' என்று கணக்கில் வந்துவிட்டன. அவன் பெயர் செத்தவர்கள் கணக்கில், தனிப் பக்கத்தில்.

அந்த வார்த்தையை டிசம்பரிலும் கேட்டேன். எதிரே ஒரு பங்கர், மெஷின் கன். எங்கள் பீரங்கி அரை மணி நேரம் அடித்தது. "போஸ்ட் நியூட்ரலைஸ்ட்" என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். வழி சுத்தம் செய்ய முதலில் உள்ளே போனவன் நான். ஏழு பேர் செத்துக் கிடந்தார்கள். ஒருவன் வாயில் பாதி ரொட்டி. இன்னொருவனின் கை சுவரில் ஒட்டிக்கொண்டு தனியாக இருந்தது. எனக்கு அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை, அக்கா. பசித்தது. அவர்கள் டின்னைத் திறந்து சாப்பிட்டேன்.

இப்படி ஆகிப்போனவனிடம் ஒரு மனிதனைத் தொடாதே என்று சொன்னால் கேட்பேனா? அப்பாவைக் கொன்றவனுக்கு நீ ஏன் கஞ்சி ஊற்றுகிறாய்? உனக்கும் அவனுக்கும் நடுவில் என்ன? நேரடியாக எழுது. எழுதாவிட்டால் நானே ஒன்றை நினைத்துக்கொண்டு, அதோடு செப்டம்பர் பத்தாம் தேதி ரயில் ஏறுவேன்.

லியோனார்ட்


கட்கி
6 ஆகஸ்ட் 1972

லியோ,

இன்றைக்குப் பூசையில் நற்கருணை வாங்கவில்லை. நாலு மாதமாக வாங்குவதில்லை. டோரீன் அதை உனக்கு எழுதியிருக்க மாட்டாள், அவள் கவனிப்பது வேறு விஷயங்களை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெரிய வெள்ளி அன்று அவசர ஆர்டர் என்று கம்பெனி ஓடியது. விடியற்காலையில் வழக்கம்போல அப்பா புளித்த காடியில் வேப்பிலைச் சாறு கலந்து எல்லோருக்கும் கொடுத்தார். ஆண்டவருக்குச் சிலுவையில் காடி கொடுத்தார்களே, நாமும் ஒரு மிடறு குடித்துவிட்டு மூன்று மணிவரை பட்டினி. சின்ன வயதில் உனக்கு மூக்கைப் பிடித்து ஊற்றுவார். இந்த வருஷம் அப்பா ஒரு மிடறு குடிக்கவில்லை. ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தார். நீ சண்டையிலிருந்து உயிரோடு திரும்பினால் அப்படிக் குடிப்பதாக நேர்ந்திருந்தாராம். இந்த வரியை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் மறைத்து மறைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

மத்தியானம் அலசல் தொட்டியில் பஞ்சைப் பிழிந்து நாக்கில் வைத்தார். வேம்பும் காடியும் நாக்கை மரக்க வைத்திருக்க வேண்டும். "சப்புனு இருக்கு, ஆயிடுச்சு" என்றார். சாம்பிள் பாட்டில் எனக்கு வந்தது. வந்தது, லியோ. சுந்தரமூர்த்தி அனுப்பினார். அதை அரைமணி நேரம் கொதிக்கவைத்து, நீல லிட்மஸை நனைத்து, அந்தக் காகிதத்தைச் சீட்டில் ஒட்டி, கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு ஒன்று நாற்பது லோக்கலைப் பிடித்து மூன்று மணி வழிபாட்டுக்குக் கட்கி போக வேண்டும். அப்பா நாக்கு சொல்லியாயிற்றே என்று நினைத்தேன். காகிதம் ஒட்டாமல் கையெழுத்துப் போட்டேன். பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு ஓடினேன்.

சுந்தரமூர்த்தி சீட்டைப் பார்த்துவிட்டு ஏற்ற மாட்டேன் என்றிருக்கிறார். "இன்னா மேஸ்திரி, இதுல காயிதத்தக் காணோமே?" "பெரிய வெள்ளிக்கெழம நான் பொய் சொல்லுவனா? எம்பொண்ணு கையெழுத்துப் பாத்தியா?" என்று அப்பா சண்டைக்குப் போனாராம். அதற்குள் சீக்கிரம் ஏற்று என்று மேலேயிருந்தும் இரண்டு தடவை போன் வந்துவிட்டது. ஏற்றினார்.

மறுநாள் காலை வேலைக்கு வந்ததும் அந்தப் பாட்டிலைத்தான் முதலில் எடுத்தேன். காகிதம் உடனே சிவந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் ஓடினேன். அப்பா உலர்த்தும் அறை வாசலில் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தார். கத்தினேன். திரும்பினார். என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அப்புறம் சத்தம் முதலில் வரவில்லை, வெளிச்சம்தான் வந்தது. நான் எழுந்தபோது என் புடவையில் பட்டிருந்தது சேறு என்று நினைத்துத் தட்டிவிட்டேன். அது சேறு இல்லை.

சுந்தரமூர்த்திக்கு முதுகில் தீப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிட்டு, "மேஸ்திரி பூட்டாரு. உன்னையும் உள்ள தள்ளி நான் இன்னா பண்ணப் போறேன்? ஏத்துனது என் கைதானே" என்றார். சீட்டை மறைத்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. சும்மா இருந்தேன்.

ஏப்ரல் கடைசியில் பஜாரில் நீ பதினோரு அடி அடித்தாய். ஒவ்வொரு அடிக்கும் வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் இரண்டாவது அடியோடு நின்றிருக்கும். ஏழாவதில்தான் கண் போயிற்று. அவர் கீழே கிடந்துகொண்டு என்னைப் பார்த்தார், சொல்லாதே என்பது போல. அது அவர் பெரிய மனசு. என்னுடையது வெறும் பயம்.

அப்பாவைக் கொன்ற ஆளைத் தேடி வருகிறாய் என்றால் முகவரி இதுதான். நம் வீடு.

பிலிஸ்


56 ஏ.பி.ஓ.
21 ஆகஸ்ட் 1972

கடிதம் வந்தது. மூன்று நாள் சுபேதார் சாப் என்னை வயலில் இறக்கவில்லை. நீ எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதாமல் விடுகிறேன்.

லீவை ரத்து செய்யவில்லை. யாரைப் பார்க்க வருகிறேன் என்று இன்னும் தெரியவில்லை.

லி.


கட்கி
2 செப்டம்பர் 1972

லியோ,

வா. கதவைத் தாழ் போட மாட்டேன். அந்தச் செயின் நீ எறிந்த இடத்திலேயே, கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கிறது. எடுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. என்னை என்ன செய்தாலும் செய். செய்துவிட்டு பட்டாளத்துக்குத் திரும்பிப் போக முடியாதபடி மட்டும் எதுவும் செய்யாதே. அப்பா உனக்காகக் குடித்தது அதற்கில்லை.

பிலிஸ்


மிலிட்டரி ஆஸ்பத்திரி, கட்கி
17 செப்டம்பர் 1972

அக்கா,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, விலா மூன்று. ரயிலிலிருந்து விழுந்தேன் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் அப்படித்தான் எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டாம் தேதி காலை வந்து சேர்ந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். கதவு நீ சொன்னபடி சும்மா சாத்தியிருந்தது. கொல்லைக்குப் போய்ச் செயினை எடுத்துக்கொண்டு உனக்காக உட்கார்ந்தேன். ஆமாம், உனக்காகத்தான். ஒரு மணி நேரம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு உன் வரி ஞாபகம் வந்தது. ஏழாவது அடி. அது என் அடி, உன்னுடையது இல்லை. எழுந்து சுந்தரமூர்த்தி வீட்டுக்குப் போனேன்.

என்னையும் கையில் இருந்ததையும் பார்த்ததும் பார்வதி அக்கா குடத்தைப் போட்டுவிட்டு வாசலில் குறுக்கே விழுந்தார்கள். "ஒரு கண்ணாவது உட்டு வையிடா, புள்ளைங்கள பாக்கணும்டா" என்று என் பூட்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை. அவர் வெளியே வந்தார். ஓடவில்லை. நான் செயினை அவர் காலடியில் வைத்தேன். "பிலிஸ் எழுதிட்டா. எல்லாம் எழுதிட்டா. அடிங்க" என்றேன்.

மன்னித்து எழுப்பிவிடுவார் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போல. அவர் அப்படிப்பட்ட மனிதர் என்று நீ எழுதியிருந்தாயே. இல்லை, அக்கா. அடித்தார். நாலு மாதம் அடக்கி வைத்திருந்த அத்தனையையும் அடித்தார். தோளில், விலாவில், கையால் முகத்தை மறைத்தபோது மணிக்கட்டில். "உங்கப்பன் வாய நம்பி ஏத்துனேன்டா, உங்கக்காக்காரிக்காக வேலய உட்டேன்டா, நீ வந்து கண்ணப் புடுங்குறியாடா" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒன்று சொன்னார். ஒரு பக்கம் பார்வை இல்லாததால் பாதி அடி சுவரில் விழுந்தது. பார்வதி அக்காதான் இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். அவர் தள்ளாடிக் கீழே உட்கார்ந்து, மூச்சு வாங்கி, "அவனுக்குத் தண்ணி குடு" என்றார்.

பிறகு உள்ளே போய் முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்து வந்து என்மேல் எறிந்தார். "இத்த எடுத்துனு போ. இத்தப் பாக்கறப்பல்லாம் கண்ணு வலிக்குது. இல்லாத கண்ணு."

சீட்டை இதோடு அனுப்புகிறேன். கிழிப்பதானால் கிழித்துவிடு. கிழித்ததை எனக்குச் சொல்லாதே. கிழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

உனக்கும் எனக்கும் இரண்டு மைல்தான். இருந்தும் வராதே. பின்னைச் செருகிவிட்டேன், அது நிச்சயம். டெட்டனேட்டர் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எடுக்கத் தெரிகிறதா என்று பார்க்கிறேன். அதுவரை கிட்டே வராதே, அக்கா.

லியோ


கட்கி
22 செப்டம்பர் 1972

என் லியோவுக்கு,

சீட்டை ஒரு இரவு முழுக்க வைத்திருந்தேன். கிழிக்க ஆசையில்லை என்று சொன்னால் பொய். இரண்டு விரலில் பிடித்தும் பார்த்தேன்.

காலையில் லேபுக்கு எடுத்துப்போனேன். ஏப்ரலில் நான் அலமாரிக்குப் பின்னால் ஒளித்த பாட்டில் இன்னும் அங்கேதான் இருந்தது. புதிய நீலக் காகிதம் ஒன்றைக் கிழித்து நனைத்தேன். சிவந்தது. அதைச் சீட்டில் காலியாக இருந்த கட்டத்தில் ஒட்டினேன். பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டு, மறுபடி கையெழுத்துப் போட்டேன். இரண்டு கையெழுத்துக்கும் நடுவில் உள்ள தேதி வித்தியாசத்தை யாரும் தவறவிட முடியாது.

அங்கிருந்து நேராகப் பூனாவுக்குப் போய் ஃபேக்டரி இன்ஸ்பெக்டரிடம் சீட்டையும் பாட்டிலையும் கொடுத்து எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். போன் வந்ததையும் எழுதினேன். அவர் மூன்று தடவை, "ஹீ சஹி துமசீச்?" என்று கையெழுத்தைக் காட்டி மராத்தியில் கேட்டார். என்னுடையதுதான் என்று மூன்று தடவையும் சொன்னேன். நாளை பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வரமாட்டேன் என்று நினைத்துத்தான் துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் பார்வதி அக்காவிடம் சொல்லப் போனேன். விசாரணையைத் திரும்ப எடுப்பார்கள், சுந்தரமூர்த்தி அண்ணன் பெயர் சுத்தமாகும் என்றேன். முழுவதும் கேட்டுக்கொண்டார்கள். "பேரு வந்துரும். கண்ணு?" என்றார்கள். கஞ்சித் தூக்கை இந்தத் தடவை வாங்கவில்லை.

நீ கூப்பிடும்வரை வரமாட்டேன், இதைக்கூட இன்றிரவே ஆஸ்பத்திரி வாசல் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். ஆனால் ஸ்டேஷனுக்குப் போகும் வழி உன் ஆஸ்பத்திரி வாசல்தான், வேறு வழி கிடையாது. ஒன்பதரை மணிக்கு நடந்து போவேன். உன் கட்டில் ஜன்னல் பக்கம் என்றால், பார்க்கத் தோன்றினால் பார். நான் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

பிலிஸ்